அம்மாவோட காட்டன் சேலை 22 இருக்கு, துணி மெத்தை தச்சு குடுக்கலாம்னு பாக்கறேன், யாருக்கு குடுக்கறது?

கோவைமீனா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவ எழுதறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

எங்கம்மா போன தை மாசம் தவறிட்டாங்க. பட்டுச்சேலைய எல்லாம் அண்ணிங்களும் நானும் பிரிச்சுக்கிட்டோம், காட்டன் சேலை மட்டும் ஒரு பீரோ நெறைய அப்படியே கெடக்குது. எண்ணிப் பாத்தா 22. சுங்குடி, செட்டிநாடு, கோஆப்டெக்ஸ்ல தீபாவளி தள்ளுபடிக்கு எடுத்தது, எல்லாம் தொவைச்சு தொவைச்சு பஞ்சு மாதிரி ஆயிருச்சு. கட்டவும் முடியல, தூக்கிப் போடவும் மனசு வரல. நெட்ல பாத்தா வெளிநாட்டுல குயில்ட்னு துணிய அடுக்கி போர்வை தச்சு ஆஸ்பத்திரிக்கும் வீடு இல்லாதவங்களுக்கும் குடுக்கறாங்க, அத பாத்ததுல இருந்து நாமளும் இத மெத்தையா தச்சு குடுத்தா என்னன்னு ஒரே நெனப்பு. எனக்கு மிஷின்ல ஜாக்கெட் தைக்கற அளவுக்கு தெரியும், மெத்தை தச்சதில்ல. எங்க அப்பத்தா தச்சுப் பாத்திருக்கேன், அப்ப எனக்கு ஏழு எட்டு வயசு, கூட இருந்து ஊசில நூல் கோத்துக் குடுத்தது தான் ஞாபகம்.

எத்தன அடுக்கு வைக்கணும், கையால தைக்கணுமா மிஷின்லயே ஓட்டிரலாமா, உள்ள இலவம்பஞ்சு வைக்கலாமானு தெரிஞ்சவங்க சொல்லுங்க. அதவிட முக்கியமா, யாருக்கு குடுத்தா உண்மையா உபயோகப்படும்? இன்னொண்ணும் கேக்கணும், கேக்கவே சங்கடமா இருக்கு. எங்க பெரிய அண்ணி, செத்தவங்க கட்டின சேலைய அடுத்தவங்களுக்கு குடுக்கக் கூடாது, வாங்கறவங்களும் விரும்ப மாட்டாங்கனு சொல்றாங்க. அது நெசமா?

ரங்கநாயகி மதுரை

மீனா, அம்மாவுக்கு என் அனுதாபங்கள்மா. நான் நாப்பது வருசமா தச்சுக்கிட்டு இருக்கேன், அதனால மொத கேள்விக்கு மட்டும் நீட்டி பதில் சொல்றேன், பொறுமையா படி.

சேலை அஞ்சரை மீட்டர். அத மூணா மடிச்சா ஒரு மடிப்பு 1.8 மீட்டருக்கு மேல வருது, அதாவது ஆறு அடி. அகலம் 45 இஞ்ச், கிட்டத்தட்ட நாலடி. ஒரு ஆள் காலு நீட்டிப் படுக்க அளவெடுத்த மாதிரி இருக்கும், வெட்டவே வேண்டாம். நம்ம பாட்டிங்க யாரும் டேப்ப வச்சு அளந்ததில்ல, சேலையே அளவு. ஒரு சேலைல மூணு அடுக்கு வந்துருது, ரெண்டு சேலைனா ஆறு அடுக்கு. கீழ விரிக்க ஆறு அடுக்கு நல்லது, போத்திக்க மூணே போதும். அப்ப உன் 22 சேலைக்கு விரிப்பு மட்டும்னா 11 வரும், ஆனா 11 வராது, ஏன்னு சொல்றேன்.

மொதல்ல ஃபால்ஸ பிரிச்சுடு. ஜரிகை இருந்தா வெட்டி எடுத்துரு, மேல குத்தும். அப்புறம் ஒரு ராத்திரி பூரா தண்ணில ஊறப் போடு. கஞ்சி போட்ட சேலையா இருந்தா அந்த கஞ்சி பூரா எறங்கணும், இல்லனா ஊசி எறங்காது, பூச்சியும் கரப்பானும் அதத் திங்கத்தான் வரும். காஞ்சதும் வாசல்ல வெளிச்சத்துக்கு நேரா ஒவ்வொண்ணா பிடிச்சுப் பாரு. இடுப்புல சொருகற எடம், குதிகால்ல ஒரசற கரை, இந்த ரெண்டு எடத்துல தான் மொதல்ல இழை நைஞ்சு போகும். ரெண்டு கையால லேசா இழுத்துப் பாரு, பர்ர்னு கேட்டா அந்த சேலை மெத்தைக்கு ஆகாது, குழந்தை துணிக்கோ கைப்பிடித் துணிக்கோ கிழிச்சுக்க. கொஞ்சம் நைஞ்சது மட்டும்னா அந்த பாகம் நடு அடுக்குல போற மாதிரி மடிச்சுக்க. இப்படி கழிச்சா 22ல ஒரு 15, 16 தேறும்.

பாலியஸ்டர், ஷிபான் எதையும் கலக்காத. வெயில்ல புழுங்கும், பக்கத்துல பீடி, கொசுவர்த்தி, அடுப்புப் பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். காட்டன் கருகும், ஒட்டாது. இலவம்பஞ்சும் வேண்டாம்மா, ஒரு தடவ தொவச்சா எல்லாம் மூலைல உருண்டு போய் நிக்கும். வேணும்னா பழைய பெட்ஷீட்ட நடுவுல வச்சுக்க.

மிஷின்லயே தைக்கலாம், ஆனா ஆறு அடுக்குக்கு 16 இல்ல 18 நம்பர் ஊசி மாத்தணும், தையல் நீளத்த கூட்டி வச்சுக்கணும், ஜாக்கெட் ஊசில ஓட்டினா ஒடஞ்சு கண்ணுக்கு நேரா பறக்கும் (எனக்கு பறந்திருக்கு). ஓட்டறதுக்கு முன்னாடி தரைல விரிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு கையால நீவி விட்டு, நீவின வரைக்கும் ஊக்கு குத்திக்கிட்டே வரணும். ஓரத்துல இருந்து ஆரம்பிச்சா நடுவுல துணி குமிஞ்சு தொப்பை போட்டுரும். கையால தைக்கறதுனா கோணி ஊசி வேண்டாம், ஓட்டை பெருசாயிரும், அதுக்கு சின்னதா பெட்ஷீட் தைக்கற ஊசி கெடைக்கும். ஒன்றரை இஞ்சுக்கு ஒரு வரினு வச்சா 45 இஞ்ச் அகலத்துக்கு 30 வரி, வரிக்கு ஆறடி, மொத்தம் 180 அடி, அதாவது 60 கெஜம். ரெட்டை நூல்னா 120 கெஜம் நூல் போகும். நான் சாயங்காலம் சீரியல் பாத்துக்கிட்டே தச்சா ஒண்ணு முடிக்க பத்து பன்னெண்டு நாளாகும். கணக்கு சொல்றது பயமுறுத்த இல்ல, ஒத்தை ஆளா 10 தைக்கறேன்னு யார்கிட்டயும் வாக்கு குடுத்துராதனு தான்.

எதார்த்தவாதி

நான் சொல்றது கசக்கும். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. பத்து நாள் உக்காந்து ஒரு மெத்தை தைக்கறதுக்கு பதிலா அந்த பத்து நாள்ல வர்ற காசுல நாலு பவானி ஜமுக்காளம் வாங்கிக் குடுத்தா நாலு பேரு படுப்பாங்க, அத நெய்றவங்களுக்கும் பொழப்பு. இங்க தானம்ங்கற பேருல பாதி பேரு வீட்ட தான் காலி பண்றாங்க. வெள்ளம் வந்தப்ப பாத்தோமே, லாரி லாரியா கிழிஞ்ச துணி வந்து எறங்குச்சு, அத பிரிச்சுப் போட தனியா ஆள் வேண்டியிருந்துச்சு.

செத்தவங்க துணி விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ப்பக்கம் செத்தவங்க துணிய ஏகாலிக்கு, அதாவது துணி வெளுக்கறவங்களுக்கு போடறதுனு ஒரு வழக்கம் இருந்துச்சு, அவங்களுக்கு விருப்பமானு யாரும் கேட்டதில்ல. நம்ம வீட்டுக்கு ஆகாதது அவங்களுக்கு ஆகும்ங்கற எண்ணம் அங்க இருந்து தான் வருது. அதனால உங்க அண்ணி சொல்றதுல பாதி சரி, வாங்கறவங்க விரும்பாம இருக்கலாம். ஆனா அத தீர்மானிக்க வேண்டியது அவங்க, உங்க அண்ணி இல்ல. சொல்லாம குடுக்கறது தான் தப்பு.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

நண்பர் சொன்னதுல கோவம் இருந்தாலும் விஷயம் இருக்கு. நான் 31 வருசம் அரசாங்க ஆஸ்பத்திரிங்கள்ல ஸ்டாஃப் நர்சா இருந்தவ, அந்த அனுபவத்துல சொல்றேன்.

வார்டுக்குள்ள நோயாளி கட்டில்ல போட வெளிய இருந்து பழைய துணில தச்சது வாங்க மாட்டாங்க, வாங்கவும் கூடாது, இன்ஃபெக்‌ஷன் பிரச்சன. ஆறு அடுக்கு துணிய கொதிக்க வச்சு எடுக்கற வசதி எல்லா எடத்துலயும் கெடையாது. பச்சக்குழந்தைக்கு குடுக்கலாம்னு நெறைய பேர் கேப்பாங்க, ஒரு வயசுக்குள்ள குழந்தை தூங்கும்போது பக்கத்துல கனமான போர்வை, மெத்தை, தலகாணி எதுவும் கெடக்கக் கூடாது, மூஞ்சில விழுந்தா அதுக்கு தள்ளத் தெரியாது. அதுக்கு ஒத்தை அடுக்கு பழைய சேலைத் துணி போதும், சுத்திக் குடுக்கலாம். இன்னொண்ணு, தயவுசெஞ்சு அந்துருண்டை போட்டு வச்ச துணிய குழந்தை பக்கமே கொண்டு போகாதீங்க. ஜி6பிடினு ஒரு என்சைம் கொறைவா பொறக்கற குழந்தைங்க இருக்கு, அதுங்களுக்கு அந்த நாஃப்தலின் வாடை பட்டாலே ரத்த அணு ஒடஞ்சு மஞ்சக்காமால வரலாம். பீரோல இருந்த சேலைனு சொன்னீங்களே, அதான் இத அழுத்திச் சொல்றேன்.

ஆனா ஆஸ்பத்திரிக்கு வெளிய ஒரு கூட்டம் இருக்கு, அவங்கள யாரும் நெனைக்கறதில்ல. நோயாளி கூட வந்தவங்க. உள்ள பெஷன்டுக்கு கட்டில், சாப்பாடு எல்லாம் உண்டு, கூட வந்த அம்மாவோ பொண்டாட்டியோ வராண்டால, மரத்தடில, மாடிப்படிக்கு கீழ சிமெண்டுத் தரைல பேப்பர விரிச்சு படுத்திருப்பாங்க. அவசரத்துல கெளம்பி வந்தவங்க கைல என்ன இருக்கும்? ஒரு ஒயர்கூடை, ஒரு சொம்பு. மார்கழில அந்த தரைல ரெண்டு மணிக்கு மேல படுக்க முடியாது, எந்திரிச்சு உக்காந்துருவாங்க. நைட் டூட்டில ரவுண்ட்ஸ் போகும்போது பாத்துக்கிட்டே போவேன். அவங்களுக்கு குடுங்க. ஜமுக்காளம் நல்லது தான், ஆனா சிமெண்டு குளிர் அதத் தாண்டி ஏறும், ஆறு அடுக்கு பழஞ்சேலைல ஏறாது.

அகிலா நியூஜெர்சி

மீனாக்கா நீங்க நெட்ல பாத்தது இங்க நடக்கறதா கூட இருக்கலாம். நான் ரெண்டு வருசமா இங்க ப்ராஜெக்ட் லைனஸ்ங்கற அமைப்புக்கு தச்சுக் குடுக்கறேன். 1995ல டென்வர்ல கேரன் லவுக்ஸ்னு ஒரு அம்மா ஆரம்பிச்சது, கீமோ எடுத்துக்கற ஒரு சின்னப் பொண்ணு தன் போர்வைய பிடிச்சுக்கிட்டே அத தாண்டி வந்தத பத்திரிகைல படிச்சுட்டு பக்கத்துல இருக்க கேன்சர் சென்டருக்கு போர்வை தச்சுக் குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க. கார்ட்டூன்ல போர்வைய விடாம கைல வச்சுக்கிட்டே திரிவானே ஒரு பையன், அவன் பேரு தான்.

நான் மொதல்ல எங்க பாட்டி சேலைல ஒண்ணு தச்சு எடுத்துட்டு போனேன். அழகா இருக்குனு எல்லாரும் தொட்டுத் தொட்டு பாத்துட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க. புதுத் துணி தான் வேணுமாம், சிகரெட் வாடை இல்லாத வீடா இருக்கணும், மிஷின்ல போட்டு தொவைக்கற மாதிரி இருக்கணும், ஒரு ஊக்கு கூட மறந்து உள்ள இருந்துரக் கூடாது. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துச்சு, இப்ப யோசிச்சா அவங்க பண்ணது சரி, எதிர்ப்புசக்தி இல்லாத குழந்தைக்கு போறது. அந்த ஊக்கு விஷயம் மட்டும் எடுத்துக்கங்க அக்கா. குத்தும்போது எத்தன குத்தினீங்கனு எண்ணி ஒரு சீட்டுல எழுதி வச்சுட்டு, எடுக்கும்போது அதே எண்ணிக்கை வருதானு பாருங்க. நான் ஒரு தடவ 40 குத்தி 39 எடுத்தேன், அந்த ஒண்ண தேட அர நாளாச்சு.

தார்வாட் சரவணன்

பேங்க் வேலைல பதினெட்டு வருசம் வடக்கு கர்நாடகால இருக்கேன். இங்க வீட்டுக்கு வீடு கவுதினு இதே தான், பழைய சேல வேட்டி அடுக்கி தச்சது. மகாராஷ்டிரால கோதடி, பெங்கால்ல காந்தா, பீகார்ல சுஜனி. சுஜனி பொறந்த குழந்தைய சுத்தறதுக்கே தச்சது தான். டெல்லில அன்ஷு குப்தா 1999ல ஆரம்பிச்ச கூஞ்ச் அமைப்பு கூட வர்ற பழைய துணில தேறாதத சுஜனியா தச்சு அனுப்பறாங்க, அவருக்கு 2015ல மக்சேசே விருது குடுத்தாங்க. எதார்த்தவாதி சார் சொன்ன கிழிஞ்ச துணி லாரிக்கு இது ஒரு பதில்னு நெனைக்கறேன்.

நான் சொல்ல வந்தது வேற. எல்லாபூர், ஹளியாள் பக்கம் காட்டுக்குள்ள சித்தினு (Siddi) ஒரு இனத்து மக்கள் இருக்காங்க, ஆப்பிரிக்கால இருந்து பல தலைமுறைக்கு முன்னாடி வந்தவங்க. அவங்க மெத்தை தைக்கறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். மதுரைம்மா நடுவுல இருந்து நீவச் சொன்னாங்க இல்ல, இவங்க தையல் ஓரத்துல ஒரு மூலைல ஆரம்பிக்கும், சுத்திச் சுத்தி உள்ள வந்து கடைசியா நடுவுல முடியும். நூலோட்டம் சின்னச் சின்னதா, தூரத்துல இருந்து பாத்தா தண்ணில கல்லு போட்ட மாதிரி இருக்கும். எல்லாம் முடிச்சு நாலு மூலைலயும் முக்கோணமா மடிச்ச துண்டு அடுக்கி தைப்பாங்க, அதுக்கு பூலா, பூவுனு அர்த்தம். அதால ஒரு உபயோகமும் கெடையாது. ஆனா அது இல்லாத மெத்தை அம்மணமா இருக்குனு சொல்வாங்க. தானம் குடுக்கற பொருளா இருந்தாலும் அந்த நாலு பூவ வச்சுக் குடுங்க மேடம். ஜமுக்காளக் கணக்குல அது வராது.

குன்னூர்க்காரன்

மலைக்கு அனுப்பறேன்னு யாரும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இங்க ஒவ்வொரு வருசமும் டிசம்பர் வந்தா கீழ இருந்து வண்டி வரும், போர்வை குடுக்க. ஐப்பசி கார்த்திகைல இங்க மஞ்சு கட்டி வாரக்கணக்குல வெயிலே தலகாட்டாது. ஆறு அடுக்கு காட்டன் ஒரு தடவ நனைஞ்சா காயவே காயாது, ஊசிப்போன வாடை வரும், பூசணம் பிடிக்கும். எங்க எஸ்டேட் லைன் வீட்டுல ஒரு அம்மா அத அடுப்புக்கு மேல கொடில போட்டு போட்டு பாத்துட்டு கடைசில நாய் படுக்கப் போட்டாங்க. ஊட்டில உறைபனி கொட்டற நேரத்துக்கு கம்பளி தான் சரி. உங்க மெத்தை கீழ் நாட்டுக்கு. மனசு கஷ்டப்பட வேண்டாம், இத தைக்கறதுக்கு முன்னாடி யாராவது எங்கள கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், அவ்ளோதான்.

கோவைமீனா

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. இத்தன பேரு இவ்ளோ எழுதுவீங்கனு நெனைக்கல. எதார்த்தவாதி அண்ணா எழுதினத படிச்சுட்டு மொதல்ல கோவம் தான் வந்துச்சு, ரெண்டு நாள் இந்தப் பக்கமே வரல. அப்புறம் சிஸ்டர் சொன்னத நெனச்சு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் இங்க ஒரு பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு போனேன். எதும் எடுத்துட்டு போகல, சும்மா பேசத்தான். எங்க வீட்டுக்காரரு வண்டிலயே உக்காந்துட்டாரு.

தாராபுரம் பக்கத்துல இருந்து வந்த ஒரு அக்கா, பையனுக்கு காலு ஆபரேசன், பதினோரு நாளா அங்கயே இருக்காங்களாம். மெத்தை தச்சு குடுத்தா வாங்கிப்பீங்களானு கேட்டேன். பெருசா தச்சா எங்கீங்க தூக்கிட்டு திரியறது, காலைல கூட்டறதுக்கு வந்து எழுப்பி விட்டுருவாங்க, சுருட்டி கக்கத்துல வச்சுக்கற மாதிரி இருக்கோணும்னாங்க. ஒரு ஓரத்துல ரெண்டு கயிறு தச்சு விட்டா சுருட்டி கட்டிக்கலாம்னாங்க. கலரு இருட்டா இருக்கட்டும்னாங்க, தரை அழுக்கு தெரியாது. பக்கத்துல இருந்த ஒரு பெரியம்மா, காசு வைக்க உள்பக்கம் ஒரு பை வச்சுத் தைப்பியா கண்ணு, தலமாட்டுல வச்சுட்டு தூங்கினா எடுத்துட்டு போயிர்றாங்கனு கேட்டாங்க. எனக்கு இது எதுவும் தோணவே இல்லீங்க, நான் பூப்போட்ட சேலைய மேல வைக்கறதா கீழ வைக்கறதானு யோசிச்சுட்டு இருந்தேன்.

அம்மா சேலைனு சொன்னேன். தவறிட்டாங்கனும் சொன்னேன். ஒரு சின்னப் பொண்ணு ஆஸ்பத்திரில இருக்கும்போது அது வேண்டாம்க்கானு மொகத்த திருப்பிக்கிச்சு, அதோட வீட்டுக்காரரு உள்ள ஐசியூல. அது சரி தானே. அந்த பெரியம்மா தான் எத்தன வயசுல போனாங்கனு கேட்டாங்க, 81னு சொன்னேன், அட, கல்யாணச் சாவு, எனக்கு குடு, என் பேத்திக்கு தூளி கட்டவும் ஒரு சேலைய அப்படியே குடுனுட்டாங்க. அண்ணிகிட்ட வந்து சொன்னேன், ஒண்ணும் பேசல, ஆனா அடுத்த நாள் அவங்க பங்குக்கு மூணு பழைய சேலை குடுத்து விட்டாங்க.

அதனால இப்போதைக்கு 6 மட்டும் தைக்கறேன், ஆளுக்கு நாலு அடுக்கு, கயிறு வச்சு, உள்பக்கம் ஜிப் வச்ச பையோட. எங்க காம்பவுண்டுல ரெண்டு பேரு கூட தைக்க வர்றேன்னுருக்காங்க. மூலைல பூவும் உண்டு சரவணன் அண்ணா, அப்பத்தா மெத்தைலயும் மூலைல எதோ இருந்த மாதிரி தான் ஞாபகம், கனவா நெசமானு தெரியல.

ரங்கநாயகிம்மா, ஒரு டவுட். அரக்கு கலர் சுங்குடி ஒண்ணு கல்லுப்பு போட்டு மூணு தண்ணி அலசிட்டேன், இன்னும் செவப்பா விடுது. இருட்டுக் கலரு கேட்டாங்களேனு அத விட மனசு வரல. நடு அடுக்குல வச்சு தச்சா வெளிய வராதுல்ல?

ரங்கநாயகி மதுரை

வரும். நடுவுல வச்சாலும் மொத மழைத் தண்ணி பட்டதும் வெள்ளை சேலை வரைக்கும் ஏறி வந்துரும். மூணு தண்ணிக்கு மேல விடற சாயம் முப்பது தண்ணிக்கும் விடும்மா. அத தூளிக்கும் குடுத்துராத, குழந்தை வாய்ல வச்சு சப்பும். தனியா வச்சிரு, மெத்தைக்கு சேக்காத.

நாலு அடுக்குக்கு சேலைய மூணா மடிச்சா கணக்கு ஒதைக்கும், அத யோசிச்சியா? ஒரு சேலைல மூணு அடுக்கு, நாலாவதுக்கு இன்னொரு சேலைல ஆறடி வெட்டணும். மூணு மெத்தைக்கு ஒரு சேலைய மூணா வெட்டு, சரியா வந்துரும். ஆறு மெத்தைக்கு எட்டு சேலை. பை தைக்கறத கடைசில வைக்காத, அடுக்கறதுக்கு முன்னாடியே அந்த ஒத்தை அடுக்குல தச்சு முடிச்சிடு, இல்லனா பை வாய் சேர்ந்து மெத்தையோட மூடிக்கும்.